ஏழு பெண்களும் ஓர் எடை மெஷினும்

மல்லசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெண்களின் உடம்பு இருபது வருஷத்தில் எப்படி மாறியது என்று யாராவது கேட்டால், என் அளவு நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன். கல்யாண ஜாக்கெட்டுக்கு இடுப்பு 28 என்று எழுதிய பெண்ணுக்கு முதல் பிள்ளைக்குப் பிறகு 32, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு 36, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் 40. பின்னால் தேவைப்பட்டால் பிரித்துவிடலாம் என்று ஜாக்கெட்டின் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். பிரித்துவிடச் சொல்லி வாரம் முழுக்க ஆட்கள் வருகிறார்கள். பிடித்துத் தைக்கச் சொல்லி வருகிறவர்கள் அபூர்வம்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் இருக்க வேண்டிய எடையைத் தாண்டியவர்கள். ஆண்களில் 37 சதவீதம். 2015-16 கணக்கெடுப்பில் பெண்களின் அளவு 30.9 சதவீதமாகத்தான் இருந்தது. நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பதுக்கு ஏற ஐந்தாறு வருஷமே போதுமாக இருந்திருக்கிறது.

இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்றால், எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்கிறார்கள். வருகிற எண் 25க்கு மேல் போனால் அதிக எடை, 30க்கு மேல் போனால் உடல் பருமன் என்பது உலகக் கணக்கு. இந்தியர்களுக்கு 23, 25 என்று இன்னும் கீழே இறக்கி 2009இல் நம் மருத்துவர்கள் வகுத்தார்கள். நமக்குக் கொழுப்பு முதலில் சேர்கிற இடம் வயிறு. சர்க்கரையும் மாரடைப்பும் அங்கிருந்து சீக்கிரமே வந்துவிடுகின்றன. அதனால் இடுப்புச் சுற்றளவையும் பார்க்கச் சொல்கிறார்கள். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90. என் டேப்பில் அது முப்பத்தொன்றரை அங்குலமும் முப்பத்தைந்தரை அங்குலமும். தொப்புளை ஒட்டி டேப்பைச் சுற்றி, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து பாருங்கள்.

நான் ஐந்தடி ஓரங்குலம். நாற்பத்து மூன்று வயதில் என் எடை 103 கிலோ. முன்பெல்லாம் காலால் மிதிக்கும் மெஷின். மோட்டார் வைத்தபின் காலுக்கு அந்த வேலையும் போயிற்று. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் காலையில் உட்கார்ந்தால் ராத்திரி பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பேன். நடுவில் சர்க்கரை போட்ட டீ, அதோடு முக்குக் கடை போண்டா. முட்டி வலி தாங்காமல் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "தேய்மானம் இருக்கு, முப்பது கிலோ குறைச்சுட்டு வாங்க" என்று சொன்னார்கள். எப்படி என்று நான் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சொன்னது சரிதான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டுக்கும் முட்டியில் விழுகிற பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று ஓர் அமெரிக்க ஆய்வு கண்டிருக்கிறது. ஆனால் முப்பது கிலோ என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம். ஒரு வாரம் விடாமல் குறைந்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் பொங்கல் வரும், காய்ச்சல் வரும், உறவில் கல்யாணம் வரும், எதைச் செய்தாலும் முள் நகராத மாதங்களும் வரும். எல்லாம் சேர்ந்தால் மூன்று வருஷம். மூன்று வருஷத்துக்கு யாருக்கும் வைராக்கியம் நிற்காது. அதற்கு ஆள் வேண்டும். நான் எழுத வந்தது இந்த ஒன்றைத்தான்.

தனியாகக் குறைத்துப் பார்க்காதவள் இல்லை நான். ராத்திரிச் சோற்றை விட்டேன், ஒன்பது கிலோ இறங்கியது, எட்டு மாதத்தில் பத்து கிலோவாகத் திரும்பி வந்தது. என் அண்ணன் மகள் உணவியல் படித்தவள், சேலத்தில் வேலை செய்கிறாள். அவளிடம் புலம்பினேன். "அத்தை, தப்பு உங்க மேல இல்லீங்க. ஒடம்பே பழைய எடைக்கு இழுக்குது" என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவள் எடுத்துச் சொன்ன இரண்டு ஆய்வுகள் என்னை மாற்றின.

ஒன்று ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரன் என்ற மருத்துவரும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்டது. ஐம்பது பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். சராசரியாகப் பதின்மூன்றரைக் கிலோ குறைந்தது. ஒரு வருஷம் கழித்து அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்தால், பசியைத் தூண்டும் சுரப்பு இன்னும் கூடுதலாக இருந்தது, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் சுரப்பு இன்னும் குறைவாக இருந்தது. எடை குறைந்தவருக்கு முன்பைவிட அதிகமாகப் பசிக்கிறது, வருஷம் ஒன்றானாலும் பசிக்கிறது. இன்னொன்று அமெரிக்காவில் டிவி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட பதினான்கு பேரை ஆறு வருஷம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளர் பார்த்தது. 2016இல் வெளிவந்தது. அவர்களுடைய உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்க வேண்டிய சக்தியைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. அதாவது உடம்பு சிக்கனத்துக்குப் போய்விடுகிறது, பசியையும் ஏற்றி வைக்கிறது. பட்டினியும் பஞ்சமும் பார்த்து வளர்ந்த உடம்பு. கொழுப்பு குறைந்தால் பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது.

இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து குறைந்த எடை திரும்பி வந்தவர்களைப் பார்த்து "கட்டுப்பாடு இல்லாதவ" என்று சொல்வதை நான் பொறுப்பதில்லை. எதிர்த்து நிற்பது சொந்த உடம்பு. முதல் மூன்று மாதம் புது ஆர்வத்தில் ஓடிவிடும். ஆறாவது மாதம், பதினாலாவது மாதம், இரண்டாவது தீபாவளி, அங்கேதான் தாங்கிப் பிடிக்க ஆள் தேவைப்படுகிறது.

எங்களுக்கு அந்த ஆட்கள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் நான் ஊக்குநராக இருந்தவள். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் பணத்தில் அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கி வைத்தது. குழுவின் நடைமுறை எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கைவந்த ஒன்று. வாரம் குறித்த நாளில் கூடுவோம். வரவைப் பேரேட்டில் எழுதுவோம். ஒருத்தி தவணை கட்டாத வாரம் அவள் வீட்டுக்குப் போய் என்ன ஆச்சு என்று கேட்போம். ஒரு நாள் கூட்டம் முடிந்தபின் பேச்சு சர்க்கரை, பிரஷர், முட்டி என்று போனது. தறி ஓட்டும் அக்கா ஒருத்தர், அங்கன்வாடி டீச்சர், பருத்திக் காட்டுச் சின்னம்மா, கல்லூரி விடுதியில் சமைக்கிறவர், லாரி டிரைவர் மனைவிகள் இரண்டு பேர், நான். ஏழு பேர். எல்லோரும் எண்பது கிலோவைத் தாண்டியவர்கள். பணத்துக்குக் கூடுகிறோம், உடம்புக்கும் கூடினால் என்ன என்று கேட்டது சின்னம்மாதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எதுவும் சாப்பிடும் முன், என் கடையில் அளவு எடுக்கும் திரைக்குப் பின்னால் எடை மெஷின். ஒவ்வொருவராக ஏறி இறங்க வேண்டும். முதல் வாரம் தறிக்கார அக்கா மெஷின்மேல் ஏற மறுத்துவிட்டார். எங்கள் ஊர் கூட்டுறவுச் சங்கத்தில் பருத்தி ஏலத்துக்கு மூட்டை மூட்டையாக எடை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் சொந்த எடையை இன்னொருவர் முன் சொல்ல அவ்வளவு கூச்சம். அதனால் மொத்த எடையை எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். போன வாரத்துக்கு இந்த வாரம் எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்பது மட்டும் நோட்டில் ஏறும். மொத்தம் அவரவர் மனதில். அடுத்த வாரம் அக்கா ஏறினார்.

மற்ற ஏற்பாடுகள் போகப்போக வந்தவை. எடை கூடினவளை "ஏன் கூடுச்சு" என்று கேட்கக் கூடாது. "இந்த வாரம் என்ன நடந்துச்சு" என்று கேட்கலாம். முதல் கேள்விக்குப் பொய் வரும், இரண்டாவதற்கு உண்மை வரும். ஒருத்தி உடம்பைப் பற்றி இன்னொருத்தி, புகழ்ந்தும் சரி இகழ்ந்தும் சரி, வாயைத் திறக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுவது. அதை எல்லார் முன்னும் சொல்லிவிடுவது. டீயில் சர்க்கரையை ஒரு மாதம், ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாட்டை ஒரு மாதம். இவற்றுக்கெல்லாம் மேலான ஏற்பாடு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை வராதவள் வீட்டுக்கு அன்று சாயங்காலமே ஒருத்தி போக வேண்டும். ஏனென்றால் எடை கூடினவள்தான் வராமல் இருப்பாள். அவளுக்காகத்தான் குழு.

தறிக்கார அக்காவின் அப்பா தவறிய சமயம். காரியம் முடியும் வரை ஒரம்பரை வீடு நிறைய, சாப்பாட்டுக்கு நேரமும் இல்லை அளவும் இல்லை. பிறகு ராத்திரி ஷிஃப்ட். நான்கைந்து கிலோ ஏறியிருக்கும் போல. வருவதை நிறுத்திவிட்டார். நாங்கள் போனபோது, "நான் வந்தா உங்க எல்லார்த்து கணக்கும் கெட்டுப் போயிருமுங்" என்றார். யாரும் உபதேசம் பண்ணவில்லை. அங்கன்வாடி டீச்சர் அவர் கூடவே உட்கார்ந்து பாவு நூலைப் பிரித்துக்கொண்டு அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். எடையைப் பற்றிய பேச்சே எழவில்லை. இரண்டு வாரம் கழித்து அக்கா கடைக்கு வந்து, தானே போய் மெஷினில் ஏறினார். துக்கத்தில் ஏறுகிற எடைக்கு முதலில் வேண்டியது துக்கத்தைக் கேட்கிற காது என்பதை நான் அன்று பார்த்தேன். கேட்க யாரும் இல்லாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். அரசின் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது.

கூட்டாகச் செய்வதற்குப் பலன் உண்டு என்பதற்கு எங்கள் கடை மட்டும் சாட்சி இல்லை. ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1999இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலரைத் தனியாகவும், சிலரை மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டும் வரச் சொல்லி, நான்கு மாத எடைக்குறைப்புப் பயிற்சி கொடுத்தார்கள். தனியாக வந்து வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களில், குறைத்த எடையைப் பத்தாவது மாதம் வரை முழுதாகக் காத்தவர்கள் 24 சதவீதம். நண்பர்களோடு வந்து, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவும் பயிற்சி பெற்றவர்களில் 66 சதவீதம். எடைக்குறைப்புப் பாடம் ஒன்றுதான், கூட இருந்த துணைதான் வேறு.

சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் சர்க்கரையின் எல்லையில் நின்ற 578 பேரை வைத்து நடத்திய ஆய்வும் குழு வகுப்புகளை நம்பித்தான் நடந்தது. நம் சாப்பாட்டுக்கு ஏற்ற பாடம், எடையில் ஏழு சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மின் மாத்திரை. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது மூன்று வருஷத்தில் 32 சதவீதம் குறைந்தது. இதையும்விட என்னைக் கவர்ந்தது டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு. வேலைக்குப் போகும் 537 ஆண்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் ஒரே அறிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் கைபேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி: என்ன சாப்பிடலாம், எப்படி நடக்கலாம், விட்டுவிடாதீர்கள் என்று. இரண்டு வருஷத்தில் செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு. முகம் தெரியாத குறுஞ்செய்திக்கே இவ்வளவு பலன் என்றால், தெருவில் எதிர்ப்படும் பெண் "இன்னிக்கு நடந்தீங்களா" என்று கேட்பதற்கு எவ்வளவு இருக்கும்.

துணைக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 12,067 பேரின் முப்பத்திரண்டு வருஷப் பதிவுகளைப் பார்த்து 2007இல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள்: நண்பர் ஒருவர் பருமனானால் நமக்கும் பருமன் வரும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறது. கூடத் தின்பவர்கள்தான் கூட நடக்கவும் முடியும் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி தன் வீட்டுக்குத் தோழிகளைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கியதுதான் 1963இல் வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமாயிற்று.

இனி வீடு. ஊரில் எத்தனை குழு இருந்தாலும் தட்டில் சோறு விழுகிற இடம் வீடுதான். எங்கள் பக்கம் "போதும்" என்று சொன்னால் பரிமாறுகிறவருக்கு மனம் சுருங்கும். அரிசியும் பருப்புமாகச் செய்த சோற்றில் நெய்யை ஊற்றி, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்க கண்ணு" என்பது பாசம். அந்தப் பாசத்தோடு சண்டை போட்டு யாரும் எடை குறைத்ததில்லை. நான் என் மாமியாரிடம் சாப்பாடு போடாதீர்கள் என்று சொல்லவில்லை. "அத்தை, எனக்கு முட்டி நோவுது. நானே போட்டுக்கறனுங். நீங்க கொள்ளுப் பருப்பு கடைஞ்சு குடுங்க, அது உங்க கைப்பக்குவம்" என்றேன். அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. உதவி கேட்கும்போது இப்படி இன்னது வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். "எனக்கு ஒத்தாசையா இருங்க" என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "ராத்திரி எட்டு மணிக்கு மேல என் முன்னாடி மிக்சர் டின்னத் தெறக்காதீங்க" என்றால் தெரியும். பிறகு விருந்துக்கு வருகிறவர்கள் அட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலத்தை நீட்டும்போது, எனக்கு முன்னால் அத்தையே பதில் சொல்லிவிடுவார்: "அவளுக்கு அளவு இருக்குதுங்."

சாப்பாட்டைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை, அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் நின்றது இவ்வளவுதான்: தட்டில் பாதிக்குக் காய், கீரை, சோறு ஒரு கப், நாமக்கல் முட்டை தினம் ஒன்று இரண்டு, இல்லையென்றால் பயறோ கொள்ளோ, இனிப்பு விசேஷ நாளில் மட்டும். முட்டையிலும் பயறிலும் உள்ள புரதம் பசியைத் தள்ளிப் போடும், எடை குறையும்போது தசை கரையாமலும் காக்கும். ராகிக் களியோ கம்மஞ்சோறோ நல்லதுதான், ஆனால் சிறுதானியம் என்பதற்காகக் கணக்கில்லாமல் உருட்டிச் சாப்பிட்டால் அதுவும் எடை ஏற்றும். தமிழில் நியாண்டர் செல்வன் எழுதிய பேலியோ முறையைப் பின்பற்றிக் குறைத்தவர்களும் பலர். அந்த முறையின் உணவைப் பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்குப் படுவது, ஆயிரக்கணக்கான தமிழர்கள் தங்கள் தட்டைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்களே, அந்தக் காட்டிக்கொள்ளலுக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு என்பது.

நடப்பதற்குத் துணை என்பது பெண்களுக்கு வேறு காரணத்துக்காகவும் வேண்டும். விடிகாலை ஐந்தரை மணிக்கு இருட்டு, நாய், பைக்கில் போகிறவன் வீசிப்போகும் வார்த்தை. கனத்த உடம்போடு தனியாக நடந்த பெண்ணுக்குத்தான் அந்த வார்த்தையின் பாரம் தெரியும். மூன்று பேராகப் போனால் நாய் பயமும் இல்லை, வார்த்தையும் வராது. பள்ளி மைதானத்தில் தொடங்கினோம். சின்னம்மாவுக்கு முதலில் ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்கியது, அவரை நடுவில் விட்டுப் பேசிக்கொண்டே போவோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஏற்படுத்தி 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. நல்ல திட்டம். என் ஆசை, ஒவ்வொரு பேரூராட்சியிலும் பெண்கள் விடியும் முன் நடக்கிற அளவுக்கு விளக்குப் போட்ட ஒரு சுற்றுப்பாதை.

ஆர்வம் வற்றுகிற கட்டத்துக்கு வருகிறேன். எனக்குப் பதினெட்டு கிலோ குறைந்தபின் நான்கு மாதம் முள் நகரவே இல்லை. அதே சாப்பாடு, அதே நடை. உடம்பு சின்னதானால் அதற்கு வேண்டிய சக்தியும் குறைந்துவிடும், அதனால் இந்தத் தேக்கம் எல்லாருக்கும் வரும் என்று அண்ணன் மகள் சொல்லியிருந்தாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அப்போது கைகொடுத்தது என் தொழில். எடை நின்ற மாதங்களிலும் டேப்பில் இடுப்பு ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. அதன்பின் எங்கள் நோட்டில் எடைக்குப் பக்கத்தில் வேறு கட்டங்களும் வந்தன: இடுப்பு அங்குலம், மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை, தரையில் சம்மணம் போட்டு எழுந்திருக்க முடிகிறதா, பஸ் படியில் கையூன்றாமல் ஏற முடிகிறதா. முள் நிற்கும்போது இவற்றில் ஏதாவது ஒன்று நகர்ந்துகொண்டிருக்கும். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குள் மெலிய வேண்டும் என்று தொடங்கினவர்களின் ஆர்வம் பந்தலோடு முடிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேரனைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று தொடங்கிய சின்னம்மாவுக்கு அது தினமும் எதிரில் வந்து நின்றது. சென்ற வருஷம் நாங்கள் ஏழு பேரும் திருச்செங்கோட்டு மலையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டோம். வண்டிப் பாதை இருக்கிறது. நாங்கள் படியில்தான் போனோம்.

எடை குறைந்தபின் வருகிற ஒரு சோதனையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் ஊரில் மெலிவது என்றால் நோய். இருபது கிலோ குறைந்தபோது கடைக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம், "ஏனுங்க்கா, சக்கரையா? ஏதும் சீக்கா?", "மொகமெல்லாம் ஒடுங்கிப் போச்சே", "போதும், இதுக்கு மேல எளைச்சா நல்லா இருக்காது." பாசத்தோடு கேட்கிறார்கள், அதனால்தான் அது உள்ளே போகிறது. தோல் தொங்கும், கன்னம் வற்றும், கண்ணாடியைப் பார்த்தால் நமக்கே சந்தேகம் வரும். இரண்டு மூன்று பேர் இந்தப் பேச்சைக் கேட்டே பழையபடி சாப்பிடத் தொடங்கினார்கள், அவர்களை நான் அறிவேன். குழுவில் இதற்கென்றே ஒரு பதிலைப் பேசி வைத்தோம்: "டாக்டர் சொல்லிக் கொறைக்கறனுங், ரத்தம் எல்லாம் நல்லா இருக்குது." ஏழு பேரும் ஒரே பதிலைச் சொல்லச் சொல்ல ஊர் கேட்பதை நிறுத்திவிட்டது. இதைப் படிக்கும் யாருக்காவது மெலிந்தவரைப் பார்த்து அப்படிக் கேட்கிற பழக்கம் இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே ஒருவர் மெலிந்தால் மட்டும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இப்போது எடை குறைக்க ஊசி வந்துவிட்டதே, குழு எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் பலன் தரும் மருந்துகள். மிகப் பருமனானவர்களுக்கு அறுவை சிகிச்சையும் நல்ல வழியாக இருக்கலாம். இவற்றை எடுத்துக்கொள்வதை இழிவாகப் பேசுவது தவறு. ஆனால் வீகோவியில் உள்ள செமாக்ளூட்டைடை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருஷத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வு காட்டியிருக்கிறது. மருந்து நிற்கிற நாளிலும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். பதின்மூன்றரைக் கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருஷமாவது காத்தவர்கள் அதில் சேரலாம். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் குறைத்த விதம் வேறு. காப்பாற்றுகிற விதம் மட்டும் ஏறக்குறைய ஒன்று: முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்கள், பெரும்பாலோர் தினம் ஒரு மணி நேரம் போல உடம்பை அசைக்கிறார்கள், காலைச் சாப்பாட்டை விடுவதில்லை. நான் நான்காவது வருஷத்தில் இருக்கிறேன். எடை 71 கிலோ. கணக்குப்படி இன்னும் அதிகம்தான். முட்டிக்குக் கத்தி வைக்கவில்லை. பொங்கலுக்கு ஒன்றரைக் கிலோ ஏறியது, மாசி முடிவதற்குள் இறங்கியது. ஏழு பேரில் ஐந்து பேர் குறைத்ததைக் காத்து வருகிறோம். ஒருத்திக்கு முழுதும் திரும்பிவிட்டது. அவளும் ஞாயிறு தவறாமல் வருகிறாள், நோட்டில் அவள் பக்கம் அப்படியே இருக்கிறது. இன்னொருத்தி திருப்பூருக்குக் குடிபோய்விட்டாள், எடையைக் கைபேசியில் சொல்கிறாள்.

உங்கள் தெருவிலும் இதைத் தொடங்கலாம். நான்கு பேர், ஒரு மெஷின், ஒரு நோட்டு, மாறாத ஒரு நாள். எடையை எழுதும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் இரண்டையும் இலவசமாகப் பார்த்துவிடுங்கள். தைராய்டையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலப் பெண்ணிடம் சொன்னால் அவரே வழி காட்டுவார். 104க்குப் பேசியும் ஆலோசனை கேட்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். எங்கள் பக்கத்துக்காரர்கள் தனியாகத் தொடங்கத் தயங்கினால் எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஞாயிறு காலை ஆறரைக்குக் கடை திறந்திருக்கும்.